நனையலாம், உலர வேண்டும்

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்பானிஷ் மாஸ் என்று நர்சரிகளில் விற்கும் செடியை உங்களில் பலர் வீட்டில் வைத்திருப்பீர்கள். கரமனை, வலியசாலை, பேரூர்க்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் சில வீடுகளின் சிட்-அவுட்டில் அது வெள்ளி நிற இழைகளாகத் தொங்குவதைப் பார்க்கலாம். மண் கிடையாது, தொட்டி கிடையாது, வளர்ந்த செடிக்கு வேர்கூடக் கிடையாது. "மண்ணும் வேண்டா, வெள்ளமும் வேண்டா சாரே" என்று விற்கிறவர் சொல்லிவிடுகிறார். வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். இந்தச் செடி காற்றைக் குடித்து வளர்வதில்லை, தண்ணீர்தான் குடிக்கிறது. குடித்து முடித்ததும் அதன் உடம்பு உலர்ந்தாக வேண்டும். மதுரையில் இந்தச் செடி தாகத்தால் சாகும். நம் ஊரில் ஈரத்தால் சாகும். வளர்க்கும் முறை முழுவதையும் இந்த வேறுபாட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முதலில் குலம் கோத்திரம். இதன் தாவரவியல் பெயர் டில்லாண்ட்சியா உஸ்னியாய்டிஸ். பெயரில் மாஸ் இருந்தாலும் இது பாசி இல்லை. பூத்து, காய்த்து, பஞ்சு வைத்த விதைகளைக் காற்றில் அனுப்புகிற செடி. அன்னாசி பிறந்த புரோமிலியேசி குடும்பத்தில்தான் இதுவும் பிறந்தது. அந்தக் குடும்பத்தில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அந்த ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டுப் பாறைகளில் இருக்கிறது; பிட்கேர்னியா ஃபெலிசியானா என்று பெயர். இந்தியாவில் இயற்கையாக ஒன்றுகூட இல்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அன்னாசி இங்கே கைதச்சக்கை ஆகி, 2009-இல் வாழக்குளம் அன்னாசி என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதன் உறவுக்காரி மட்டும் இன்னும் விருந்தாளியாகவே தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

வட அமெரிக்காவில் வர்ஜீனியா தொடங்கித் தெற்கே அர்ஜென்டினா வரை இது மரங்களில் தொங்குகிறது. இதன் சொந்தக்காரர்களில் ஒன்றான டில்லாண்ட்சியா ரிகர்வேட்டா மின்கம்பிகளிலேயே பந்து பந்தாக வளர்கிறது. இன்னொன்று, டில்லாண்ட்சியா லாண்ட்பெக்கி, மழையே அறியாத அட்டகாமா பாலைவனத்தில் வெறும் மணல்மேல் கிடந்து, கடலிலிருந்து வரும் மூடுபனியைப் பிடித்துக் குடிக்கிறது. மின்கம்பியிலும் மணலிலும் வளர்கிற குடும்பத்துச் செடி, தான் தொங்கும் மரத்திலிருந்து எதை உறிஞ்சப் போகிறது?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரத்தில் எது ஒட்டியிருந்தாலும் இத்திள் என்று அரிவாளை எடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இத்திள்கண்ணி, நம் தமிழில் புல்லுருவி, உண்மையிலேயே திருடன்தான். மாமரக் கிளையின் மரப்பகுதிக்குள் உறிஞ்சுவேரைச் செலுத்தித் தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொள்ளும். அதை வெட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே மாமரத்தில் பட்டையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மரவாழை என்ற ஆர்க்கிடுக்கு மரம் ஓர் இருக்கை, அவ்வளவுதான். கிளை, வெளிச்சம், ஓடுகிற காற்று, வழிந்து போகிற மழை. இந்த நான்கும் கிடைத்தால் அதற்குப் போதும். புல்லுருவியோடு சேர்த்து மரவாழையையும் பிய்த்தெறிந்த வீடுகளை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காற்றுச்செடி என்றதும் ஏதோ நேற்று கப்பலில் வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். டில்லாண்ட்சியா வெளிநாட்டுக்காரி. மரத்தில் தொற்றி வாழும் வாழ்க்கை இந்த மண்ணுக்குப் பழையது. கொச்சியில் டச்சு ஆட்சியாளராக இருந்த வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிகஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பக்கத்து வைத்தியர் இட்டி அச்சுதன் போன்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய நூல். அதன் பன்னிரண்டாம் தொகுதியில் மரவரா என்று முடியும் பெயர்களோடு ஒரு கூட்டமே இருக்கிறது. ஆஞ்ஞிலி மரவரா என்பது நரிவால் ஆர்க்கிட். ஆஞ்ஞிலி நாஞ்சில் நாட்டார் அயினி என்று சொல்லும் மரம். காஞ்சிர மரவரா என்பது கற்றாழை போன்ற தடித்த இலையுடைய சிம்பிடியம். காஞ்சிரம் நம் எட்டி மரம். அன்றைய மலையாள வைத்தியர்கள் செடியைச் சொல்லும்போதே அது எந்த மரத்தில் உட்காரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வளர்க்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடையாது. அயினியின் சொரசொரப்பான பட்டை மழைநீரைச் சற்று நேரம் வைத்திருந்து விட்டுவிடும். செடிக்கு வேண்டியது அதுதான்.

தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட ஸ்பீஷீஸ் பிளான்டாரம் நூலில், வான் ரீடின் இந்தப் படங்களைச் சான்றாகக் காட்டி இரண்டு மலபார் ஆர்க்கிடுகளுக்கும் பெயர் வைத்தார். அதே நூலில்தான் நம் ஸ்பானிஷ் மாஸுக்கும், வேறொரு பேரினத்தின் கீழ், முதல் அறிவியல் பெயர் கிடைத்தது. இரண்டு கடல்களின் காற்றுச்செடிகள் ஒரே புத்தகத்தில் சந்தித்துக்கொண்டன. ஹோர்த்துஸ் மலபாரிகஸ் ஆங்கிலத்துக்கு வந்ததும் நம் ஊர் வழியாகத்தான். பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்ததைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது.

தமிழர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கொல்லிமலைக்குப் போனவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடித்திருப்பீர்கள். அந்தக் கிழங்கு பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் பெரணியின் தண்டு. காற்றுச்செடியைச் சூப் வைத்துக் குடித்துவிட்டு, காற்றுச்செடியா, புதிதாக இருக்கிறதே என்கிறோம்.

சரி, ஸ்பானிஷ் மாஸுக்கு வருவோம். வேர் இல்லாமல் அது எப்படித் தண்ணீர் குடிக்கிறது? இழையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் மிக நுண்ணிய செதில்கள் தெரியும். ஒவ்வொரு செதிலும் இறந்த செல்களாலான ஒரு தட்டு. அதன் நடுவில் உயிருள்ள சில செல்களாலான சிறு காம்பு இலைக்குள் இறங்கியிருக்கும். உலர்ந்திருக்கும்போது செதிலின் செல்களுக்குள் காற்றுதான் இருக்கும். அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் செடி வெள்ளியாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டதும் தட்டு உறிஞ்சி உப்புகிறது, காம்பு வழியாக நீர் உள்ளே போகிறது, அடியில் இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது. நீர் தீர்ந்ததும் தட்டு சுருங்கிக் காம்பின் வாயை மூடிக்கொள்கிறது. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்: இலை முழுவதும் ஃபுட்வால்வு. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளி என்றால் உலர்ந்திருக்கிறது, பச்சை என்றால் நனைந்திருக்கிறது.

இவ்வளவு வசதி இருக்கும்போது எப்போதும் நனைத்தே வைத்தால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. செடி குடிக்க மட்டும் செய்வதில்லை, கரியமில வாயுவையும் உள்ளே எடுக்க வேண்டும். அந்த வாயு காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. செதில்களுக்கு மேல் நீர்ப்படலம் நின்றால் இலைத்துளைகள் இருந்தும் பயனில்லை, வாயு நுழையாது. அதிலும் இந்தச் செடி துளைகளைத் திறப்பது இரவில்.

இரவில் திறப்பது என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர். மொரேவியன் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தார். அவர் ரணகள்ளி இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். இங்கே இலமுளச்சி என்பார்கள், கீழே விழுந்த இலையின் ஓரத்திலிருந்து குட்டி முளைக்குமே, அதுதான். காலையில் கடித்தால் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசப்பு. இதை 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-இல் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அச்சாயிற்று. கருவி ஒன்றும் இல்லை, நாக்குதான்.

அந்தப் புளிப்புக்குக் காரணம் இன்று தெளிவாகத் தெரியும். வறட்சிக்குப் பழகிய சில செடிகள் பகலில் துளைகளைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும் என்பதால் மூடிவைத்துக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை மாலிக் அமிலமாகச் சேமிக்கின்றன. விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, சேமித்ததை எடுத்து வெயிலில் உணவு சமைக்கின்றன. அதனால்தான் காலையில் இலை புளிக்கிறது, வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்குகிறது. அன்னாசி, கள்ளி, சோற்றுக்கற்றாழை, நம் ஸ்பானிஷ் மாஸ் எல்லாம் இந்த வழிக்காரர்கள்தான். வீட்டில் ரணகள்ளி இருந்தால் நாளைக்கே சோதித்துப் பாருங்கள். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். அதிகம் உள்ளே போனால் இதயத்துக்கு ஆகாத பொருள் அதில் இருக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செடி மூச்சு வாங்குவது இரவில். மேலே ஈரம் நின்றால் வாங்க முடியாது. ஆகவே இரவுக்குள் அது உலர்ந்திருக்க வேண்டும். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, ஆசையாகச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். மல்லிகைக்கு அது சரி. ஸ்பானிஷ் மாஸுக்கு அது இரவு முழுவதும் மூக்கைப் பொத்துகிற வேலை. தண்ணீர் காட்டுவது காலையில் மட்டும்.

திருவனந்தபுரத்தின் மழையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர், அதுவும் இரண்டு பருவத்தில். ஜூனில் இடவப்பாதி, அக்டோபர் நவம்பரில் துலாவர்ஷம். எது செடிக்கு ஆபத்து என்று கேட்டால் எல்லோரும் இடவப்பாதி என்பார்கள், நாள்கணக்கில் பெய்வதால். என் அனுபவத்தில் துலாவர்ஷம்தான் கெடுதல். இடவப்பாதி கடல்காற்றோடு வருகிறது. மழை விட்ட இடைவெளியில் காற்று செடியை உலுக்கிக் காயவைத்துவிடும். துலாமழை பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டு ஓய்கிறது, பின்னால் காற்றே இருக்காது. நனைந்த செடி அப்படியே இரவுக்குள் போகிறது. இரண்டு வாரம் இப்படி நடந்தால் கொத்தின் நடுப்பகுதி பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். வெளிப்புறம் மட்டும் வெள்ளியாகவே இருப்பதால் வீட்டுக்காரருக்கு டிசம்பரில்தான் தெரியவரும்.

ஆகவே மழைக்காலத்தில் செடியை ஓட்டுச்சாய்ப்பின் கீழ், ஆனால் திறந்த பக்கமாக வையுங்கள். தெற்கு வடக்காகக் காற்று ஓடும் சிட்-அவுட் மிக நல்லது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் பால்கனியை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு அடைத்திருந்தால் அங்கே வைக்க வேண்டாம், அல்லது மின்விசிறி ஓடும் இடத்தில் வையுங்கள். வெளிச்சம் நன்றாக வேண்டும், நேர் உச்சி வெயில் வேண்டாம். கிழக்கு வெயில் விழுந்தால் மகிழ்ச்சி. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு அதன் அடியில் தொங்கவிடுகிறார்கள், மார்ச் மாதம் அந்த இடம் அடுப்பங்கரை.

கொத்தின் பருமன் மிக முக்கியம். நர்சரியில் வாங்கும்போது ஒரு கனத்த கற்றையாகக் கட்டித் தருவார்கள். பார்க்க அழகு. அதை அப்படியே தொங்கவிடுவதுதான் நம் ஊரில் இந்தச் செடிக்குச் செய்யும் முதல் தீமை. பிரித்து, நாலைந்து இழைகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஒரு கோலில் போடுங்கள். மூங்கில் கோல், பிளாஸ்டிக் குழாய், நைலான் தூண்டில் நூல், எது வேண்டுமானாலும் சரி. கயிற்றுச்சரடு அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தண்ணீர் காட்டிய நான்கு மணி நேரத்தில் கொத்தின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். இன்னும் ஈரம் இருந்தால் கொத்து பெரிது, அல்லது இடம் தவறு. இந்த ஒரு சோதனை போதும், வேறு அளவுகோல் தேவையில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு ஓரளவு வறண்ட காலம். அப்போது வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் மூழ்கவிட்டு, எடுத்து உதறித் தொங்கவிடுங்கள். ஸ்பிரே பாட்டிலால் புஸ் புஸ் என்று அடிப்பது நம் மனதுக்குத் திருப்தி, செடிக்குப் பல் நனையாது. கோடைமழை தொடங்கிவிட்டால் மூழ்கடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தொடர்ந்து சில நாள் வெயில் அடித்தால் மட்டும் ஒரு முறை.

தண்ணீர் எது? மழைநீர் இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நம் பகுதியின் செம்பாறைக் கிணறுகளில் பொதுவாகச் சுண்ணாம்பு குறைவு, தாராளமாகப் பயன்படுத்தலாம். அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரவே வாளியில் பிடித்து வலைத்துணி போட்டு மூடிவைத்துக் காலையில் எடுங்கள். வலைத்துணி ஏன் என்று டெங்கு வந்த வீட்டில் கேளுங்கள்.

டெங்கு என்றதும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். புரோமிலியாட் வைத்தால் கொசு வரும் என்று சொல்கிறார்களே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அது வேறு வகை. குஸ்மானியா, நியோரெகிலியா போன்றவை இலைகளின் நடுவில் கிண்ணமாகத் தண்ணீர் தேக்கும். அதில் ஈடிஸ் கொசு முட்டையிடும். 2016-இல் ஸிக்கா பரவியபோது அமெரிக்காவின் மயாமி பீச் நகராட்சி பொது இடங்களிலிருந்த அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிந்தது. நம் சுகாதாரத் துறை வாராவாரம் டிரை டே அனுசரிக்கச் சொல்லும்போது அந்தக் கிண்ணங்களையும் கவிழ்க்க வேண்டும். ஸ்பானிஷ் மாஸில் தேங்க இடமே இல்லை.

இனி, கேரளத்துக்கே உரிய ஓர் ஆபத்து. துருசு. தமிழில் மயில்துத்தம் என்போம். மழைக்கு முன்னால் கமுகுக்கும் மிளகுக்கும் ரப்பருக்கும் துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடிப்பது இங்கே வழக்கம், பயிருக்கு அது நல்லதும்கூட. அன்னாசிக் குடும்பத்துக்குத் தாமிரம் நஞ்சு. செதில்கள் மழைநீரையும் துருசையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலே விழுந்ததை உள்ளே இழுத்துக்கொள்ளும். தோட்டத்தில் மருந்தடிக்கிற நாளில் செடியை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். பூஞ்சை வந்துவிட்டது என்று காப்பர் மருந்தை இதன்மேலேயே தெளித்துவிட்டு, பூஞ்சையோடு செடியும் போய்விட்டது என்று வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தாமிரக் கம்பியில் தொங்கவிடுவதும் அதே கதைதான், மழை கழுவிக் கழுவி இறக்கும். துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. கம்பியையும் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி இருக்கும்போது ஏன் வம்பு?

உரம் அதிகம் வேண்டாம். காற்றில் வரும் தூசியும் மழையில் கரைந்து வருவதுமே இதன் இயற்கை உணவு. அதனால்தான் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தில் இதன் கொத்துகளைத் தெருத்தெருவாகத் தொங்கவிட்டு, சில வாரங்கள் கழித்து எடுத்து அரைத்து, காற்றில் எந்த உலோகம் எவ்வளவு என்று அளந்திருக்கிறார்கள். எம்.சி. ரோட்டோரம் வீடு உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசுங்கள். வளர்ச்சி வேண்டுமென்றால் ஆர்க்கிடுக்குப் போடும் நீரில் கரையும் உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு மட்டும், மாதம் ஒருமுறை மூழ்கும் தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். கடலைப்பிண்ணாக்கும் சாணமும் புளிக்கவைத்த கரைசலை இதற்கு ஊற்ற வேண்டாம். ரோஜாவுக்கு அமிர்தம்; இங்கே செதில்களை அடைத்துவிடும், பூஞ்சைக்கும் விருந்து.

இனப்பெருக்கம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிய்த்துத் தொங்கவிட்டால் அதுவே புதுச்செடி. அமெரிக்காவில் காற்றும் பறவைகளும் இந்த வேலையைச் செய்கின்றன. நார்தர்ன் பருலா என்ற சிறு பறவை இதன் கொத்துக்குள்ளேயே கூடு கட்டுகிறது. இதில் மட்டுமே வாழும் தாவும் சிலந்தி இனம்கூட ஒன்று உண்டு. பூ வந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது: மூன்று இதழ், வெளிர் பச்சை, உளுந்தளவு. இரவில் மணக்கும். மணத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தச் செடியில் செத்ததும் உயிரோடு இருப்பதும் ஒன்றுபோலத் தெரியும், அதற்குக் காரணம் இழையின் நடுவில் இருக்கும் நார். சதை அழுகிப்போனாலும் குதிரைமயிர் போன்ற அந்தக் கறுப்பு நார் நிற்கும். லூசியானாவிலும் ஃபுளோரிடாவிலும் இதை வைத்து ஒரு தொழிலே நடந்தது. மரத்திலிருந்து இழுத்து, குவியலாக நனைத்து அழுகவிட்டு, நாரைச் சுத்தம் செய்து மெத்தைகளிலும் தொடக்ககாலக் கார் இருக்கைகளிலும் திணித்தார்கள். கடினங்குளம் காயல் பக்கம் தேங்காய்த் தொண்டு அழுகப்போட்டுக் கயிறு திரிக்கிற முறைக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றுதான். ஃபோம் ரப்பர் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. நமக்கு இதில் கிடைக்கும் பாடம் சிறியது, ஆனால் பணம் மிச்சப்படுத்தும்: கடையில் வாங்கும்போது ஓர் இழையைத் தண்ணீரில் தோய்த்துப் பாருங்கள். பச்சையானால் உயிர். பழுப்பாகவே இருந்தால் நீங்கள் வாங்கப்போவது மெத்தைப் பஞ்சு.

மற்ற டில்லாண்ட்சியாக்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டில்லாண்ட்சியா அயோனாந்தா கைக்குள் அடங்கும். பூக்கும் காலத்தில் நடு இலைகள் சிவந்து ஊதாக் குழல் பூ வரும். ஒருமுறை பூத்தால் தாய் மெல்ல மடியும், பக்கத்தில் குட்டிகள் வைத்துவிட்டுத்தான். பூத்து முடிந்ததும் செத்துவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். பல்போசா, கேப்புட் மெடூசே இரண்டும் அடிப்பக்கம் வெங்காயம்போல் உப்பி உள்ளே கூடாக இருக்கும். தண்ணீரில் தோய்த்தால் தலைகீழாக உதறிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஜெரோகிராஃபிகா பெரியது, விலையும் பெரியது. காட்டிலிருந்து அளவுக்கு மீறி எடுத்துவிட்டதால் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வாங்கினால் நர்சரியில் பெருக்கியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் பசை போட்டு ஒட்டி, வண்ணக் கல் பரப்பி விற்கும் அலங்காரங்களைப் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள். உலர வழியில்லாத இடத்தில், உலர்ந்தே ஆக வேண்டிய செடி.

சென்னையிலும் மதுரையிலும் மகன், மகள் இருப்பவர்கள் இங்கிருந்து கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. அங்கே நான் சொன்னதை எல்லாம் திருப்பிப் போட வேண்டும். கொத்து சற்றுத் தடிமனாகவே இருக்கலாம். கோடையில் அன்றாடம் நனைக்க வேண்டும், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் மூழ்கட்டும். போர்வெல் தண்ணீர் மட்டும் ஆகாது. அதன் உப்பு செதில்மேல் வெள்ளையாகப் படிந்து வாயை அடைத்துவிடும். அந்த வெள்ளையைப் பார்த்து, ஆகா நன்றாக உலர்ந்திருக்கிறது என்று ஏமாறுவார்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளே இருக்கும் சுருள்கள் பல ஏ.சி.களில் தாமிரம். நான் ஊற்ற மாட்டேன்.

கடைசியாக நம் சொந்தக் காற்றுச்செடிகள். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பாலோட்டுக்குப் போங்கள். 1979-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அங்கே இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் ஏ. ஆபிரகாம் ஆர்க்கிடுகளிலேயே ஊறியவர். பி. வத்சலாவோடு சேர்ந்து 1981-இல் அவர் எழுதிய ஆர்க்கிட் அறிமுக நூல் தென்னிந்திய ஆர்க்கிடுகள் 150-ஐப் படத்தோடு சொல்கிறது. பொன்முடிப் பக்கம் போகும்போது சாலையோர மரத்திலிருந்து ஆர்க்கிடைப் பிய்த்துக் காரில் போட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அயினியில் இருந்ததை ஃபிளாட்டின் ஏழாவது மாடியில் கட்டிவைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? வனத்திலிருந்து எடுப்பது குற்றமும்கூட. வீட்டு மாமரத்தில் தானாக வந்து உட்கார்ந்ததை விட்டுவையுங்கள், நர்சரியில் பெருக்கியதை வாங்குங்கள். அதேபோல ஸ்பானிஷ் மாஸ் பெருகி இடம் போதவில்லை என்றால் மலைப்பக்கம் கொண்டுபோய் மரங்களில் வீச வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அது தோட்டத்திலிருந்து நழுவி வெளியே மரங்களில் வளரத் தொடங்கியிருக்கிறது. அகத்தியமலைச் சாரலின் கிளைகளில் இடம் பிடித்திருப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். மிஞ்சியதை அண்டை வீட்டுக்குக் கொடுங்கள்.

நானும் இன்று அதைத்தான் செய்யப்போகிறேன். வாசலில் ஒரு மூங்கில் கூடையில் இழைகள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில்தான் நனைத்தேன், உலர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் இன்றிரவே தண்ணீர் காட்ட வேண்டாம், நாளைக் காலையில் காட்டினால் போதும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டாமல் கையிலேயே கொண்டுபோங்கள். கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.